வீட்டுக் கடன் தவணையைச் சில மாதம் நிறுத்திவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போயிருக்கலாம், தொழில் படுத்திருக்கலாம், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் வீட்டுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். "நாலைந்து மாசம் நிறுத்தி வெச்சுக்கலாமாமே, வங்கியிலே கேட்டா குடுப்பாங்களாமே" என்று யாராவது சொல்வார்கள். கொடுப்பதுண்டு. கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கீழே உள்ளன.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே கடனை எடுத்துக்கொள்கிறேன். அசல் 30 லட்சம், ஆண்டு வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு, அதாவது 240 தவணை. மாதத் தவணை 26,992. எந்த நாட்டு நாணயத்தை வைத்துப் படித்தாலும் விகிதம் மாறாது.

தவணை நிறுத்திவைப்பு என்றால் அந்த மாதத் தவணைகள் தள்ளுபடியா?

இல்லை. ஒரு பைசாகூடத் தள்ளுபடி கிடையாது. மொராட்டோரியம், தவணை ஒத்திவைப்பு, தவணை விடுப்பு என்று பெயர் எப்படி இருந்தாலும், இப்போது கட்ட வேண்டியதைப் பிறகு கட்ட வங்கி தரும் அனுமதிதான் அது. 'விடுப்பு' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. விடுப்பில் போனால் வேலை நிற்கும். இங்கே நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள், கடன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நிறுத்திய மாதங்களில் வட்டி ஓடுமா?

ஓடும். நம் கடனில் முதல் மாத வட்டி மட்டும் 22,500. அதைக் கட்டாவிட்டால் பெரும்பாலான வங்கிகள் அசலோடு சேர்த்துவிடும், அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து வட்டி போடும். முதல் ஆறு தவணைகளை நிறுத்தினால் 30 லட்சமாக இருந்த பாக்கி 31,37,557 ஆகிவிடும். வட்டியை அசலில் சேர்க்காமல் தனியாக எழுதிவைத்து, மேல்வட்டி இல்லாமல் பிறகு வாங்கிக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. இரண்டில் எது என்பதை வாய்ப்பேச்சில் விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

மொத்தத்தில் எனக்கு எவ்வளவு கூடுதலாகப் போகும்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அதே ஆறு மாத நிறுத்தம், நீங்கள் திரும்பி வரும் வழியைப் பொறுத்து 3,000-லும் முடியும், 9 லட்சத்திலும் முடியும். மிகைப்படுத்தவில்லை, கணக்கைப் பாருங்கள்.

ஏழாவது மாதம் கைக்கு ஒரு தொகை வருகிறது, அதைக் கொண்டு விட்டுப்போன ஆறு தவணைகளையும் ஒரே அடியாகக் கட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டியது 1,65,018. ஆறு தவணையின் கூட்டுத்தொகை 1,61,951 போக, கூடுதல் செலவு 3,067 மட்டும். ஆறு மாத நிம்மதிக்கு இது பெரிய விலை இல்லை.

கைக்குத் தொகை வரவில்லை, கடன் முடியும் தேதியும் மாறக்கூடாது என்றால் வங்கி மிச்சமுள்ள 234 மாதங்களுக்கும் தவணையை உயர்த்தும். 26,992 என்பது 28,490 ஆகும். மாதம் 1,498 கூடுதல். கடைசிவரை கட்டி முடிக்கும்போது முதலில் போட்ட கணக்கைவிட 1.89 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக அதிகம் போயிருக்கும்.

மூன்றாவது வழிதான் பலர் போகும் வழி, பல வங்கிகள் கேட்காமலே செய்து தரும் வழியும்கூட. தவணை அதே 26,992 ஆக இருக்கட்டும், காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்பது. மாதச் செலவில் எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் வலிக்காது. ஆனால் 240-ஆவது மாதம் முடிய வேண்டிய கடன் 281-ஆவது மாதம்தான் முடியும். நிறுத்தியது ஆறு மாதம், நீண்டது 41 மாதம். கூடுதலாகப் போவது ஏறத்தாழ 9.4 லட்சம்.

ஆறு மாதம் எப்படி 41 மாதம் ஆகும்? கணக்கில் ஏதாவது பிழையா?

பிழை இல்லை. 9 சதவீத வட்டியில் கட்டாமல் விட்ட பணம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முதல் ஆறு மாதத்தில் விட்ட 1.65 லட்சம், அதன் பிறகு பத்தொன்பதரை ஆண்டு வளர்கிறது. இரண்டு முறை இரட்டித்து, மூன்றாவது முறை பாதி வழியில் நிற்கும்போது அது 9.48 லட்சம் ஆகியிருக்கும். அந்த 9.48 லட்சத்தைத்தான் 240-ஆவது மாதத்துக்குப் பிறகு 26,992 வீதம் கட்டித் தீர்க்கிறீர்கள்.

அதனாலேயே கடனின் எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். இதே கடனில் இன்னும் 24 தவணைதான் பாக்கி என்ற நிலையில் ஆறு மாதம் நிறுத்தினால், முடியும் தேதி ஏழெட்டு மாதம் தள்ளிப்போகும். கூடுதல் செலவு ஏறத்தாழ 33,000. வளர்வதற்கு வட்டிக்கு அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் மட்டும் நிறுத்தினால்?

தொடக்கத்திலேயே நிறுத்தி, காலத்தை நீட்டினால் கடன் சுமார் 19 மாதம் தள்ளிப்போகும்.

முழுதாக நிறுத்தாமல் பாதி கட்டினால் பலன் உண்டா?

நல்ல பலன் உண்டு. ஆறு மாதம் பாதித் தவணை கட்டினாலும் முடியும் தேதி 41 மாதத்துக்குப் பதில் 19 மாதம்தான் தள்ளும். "முழுசா கட்ட முடியலேன்னா எதுக்குப் பாதி" என்று நினைக்க வேண்டாம். ஆனால் பாதி கட்டுவதற்கும் வங்கியின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் பாதி கட்டினால் அந்தத் தவணை ஏட்டில் பாக்கி என்றே ஏறும்.

வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று கேட்கலாமா?

கேட்கலாம். வங்கிகள் முழு நிறுத்தத்தைவிட இதற்கு எளிதில் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் பாக்கி வளர்வதில்லை. பிரிட்டனில் 2023-இல் வட்டி விகிதம் ஏறியபோது அரசும் வங்கிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும் வசதியும் ஒன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கடன் புதியதாக இருக்கும்போது தவணையில் பெரும்பகுதி வட்டிதான். நம் கடனில் முதல் மாதம் 26,992-இல் 22,500 வட்டி. வட்டி மட்டும் கட்டினால் கையில் மிஞ்சுவது 4,492. சம்பளமே நின்றுபோனவருக்கு அது எந்த மூலைக்கு? கடைசி 24 தவணை மிச்சமிருக்கும் கட்டத்திலோ, பாக்கி 5.9 லட்சம்தான், அதன் மாத வட்டி 4,431. வட்டி மட்டும் கட்டினால் மாதம் 22,500-க்கு மேல் கையில் நிற்கும்.

ஆக, வருமானம் முழுதாக நிற்காமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால், புதிய கடனுக்கும் இந்த வழி சரிப்படும். ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டி, பிறகு பழைய தவணைக்கே திரும்பினால் கடன் சரியாக ஆறு மாதம் தள்ளிப்போகும், கூடுதல் செலவு அந்த ஆறு மாத வட்டியான 1,35,000. மேலே சொன்ன 9.4 லட்சத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செலவு என்றால் நிறுத்திவைப்பைக் கேட்கவே கூடாதோ?

அப்படிச் சொல்ல மாட்டேன். கையில் பணமில்லாதபோது மாற்று என்ன என்று பார்க்க வேண்டும். தவணை கட்டுவதற்காகக் கிரெடிட் கார்டில் பணம் எடுப்பதும், கைமாற்று வட்டிக்கு வாங்குவதும், செயலியில் கிடைக்கும் உடனடிக் கடனை எடுப்பதும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். வீட்டுக் கடன் வட்டி, அடமானம் இருப்பதால், பொதுவாகக் கிடைக்கும் கடன்களிலேயே குறைந்த வட்டி. அதைக் கட்டுவதற்காகப் பல மடங்கு வட்டிக்கு இன்னொரு கடன் வாங்குவதைவிட, அதையே சில மாதம் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம்.

சேமிப்பு இருக்கிறது என்றால் கதை வேறு. ஆனாலும் கையிருப்பை எல்லாம் வழித்துத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, நாலாவது மாதம் மருத்துவமனைச் செலவுக்குக் கையைப் பிசைவதும் சரியில்லை. மூன்று மாத வீட்டுச் செலவை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் இருப்பதைத் தவணைக்குப் பயன்படுத்துவேன். இது என் கணக்கு, உங்கள் குடும்பத்துக்கு வேறாக இருக்கலாம்.

கேட்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வருமானம் எப்போது, எங்கிருந்து திரும்பும்? "மார்ச்சில் புதிய வேலையில் சேர்கிறேன்", "சிகிச்சை முடிய நான்கு மாதம்", "பிரசவ விடுப்பு முடிந்து சம்பளம் தொடங்கும்" என்று பதில் இருந்தால் நிறுத்திவைப்பு அதற்காகவே உண்டானது. "பார்ப்போம், ஏதாவது நடக்கும்" என்பதுதான் பதில் என்றால், ஆறு மாதம் கழித்து இதே சிக்கல் கூடுதல் பாக்கியோடு உங்கள் முன் நிற்கும். அந்த நிலைக்கு வேறு வழிகள் பின்னால் வருகின்றன.

வங்கியிடம் எப்போது போக வேண்டும்?

முதல் தவணை தவறுவதற்கு முன். முடிந்தால் வருமானம் நின்ற அந்த வாரமே. நம்மில் பலர் கூச்சத்தால் தள்ளிப்போடுகிறோம். இரண்டு தவணை தவறி, வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்த பிறகு போனால், அதே வங்கி அதே மனிதரை வேறு கண்ணால் பார்க்கும்.

பார்வை மட்டும் இல்லை, விதியும் மாறும். வங்கிகளின் கணக்கில் நாள்கள் எண்ணப்படுகின்றன. ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரத்தின்படி, தவணை 30 நாள் தாண்டினால் அந்தக் கடனின் ஆபத்து கூடிவிட்டதாகவும், 90 நாள் தாண்டினால் கடன் தவறிவிட்டதாகவும் அனுமானிக்கப்படும். இந்தியாவிலும் 90 நாள்தான் கோடு, அதைத் தாண்டினால் வாராக்கடன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை கிளை மேலாளர் உங்களுக்காக ஏதாவது செய்ய இடம் உண்டு. அந்தப் பக்கம் போய்விட்டால் கோப்பு அவர் மேசையை விட்டே போய்விடும்.

சொல்லாமல் கொள்ளாமல் கட்டுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

தாமதக் கட்டணம், ஆட்டோ டெபிட் திரும்பினால் அதற்கொரு கட்டணம், கிரெடிட் அறிக்கையில் கறை, கடைசியில் அடமானத்தின் மேல் நடவடிக்கை. ஒத்திவைப்பில் வட்டி மட்டும்தான் ஓடும். இதில் வட்டியும் ஓடும், மற்றதெல்லாமும் ஓடும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

வருமானம் நின்றதற்கோ குறைந்ததற்கோ ஒரு சான்று: வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, மருத்துவரின் அறிக்கை, தொழில் என்றால் வங்கிக் கணக்கின் வரவு செலவு. அதோடு ஒரே ஒரு தாளில் உங்கள் மாத வரவு, மாதச் செலவு, மற்றக் கடன்கள். கடைசி வரியில், எத்தனை மாதம் வேண்டும், அதன் பிறகு எவ்வளவு கட்டுவேன் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. "கஷ்டமா இருக்கு சார், ஏதாவது பண்ணுங்க" என்று கேட்பவருக்கு வங்கி தனக்கு வசதியான ஏதோ ஒன்றைச் செய்யும். "நான்கு மாதம் வட்டி மட்டும், ஐந்தாவது மாதத்திலிருந்து பழைய தவணையோடு 5,000 சேர்த்து" என்று கேட்பவரோடு பேச்சு வேறு தளத்தில் தொடங்கும்.

ஒப்புதல் கடிதத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நிறுத்தம் தொடங்கும் தேதி, முடியும் தேதி. ஓடும் வட்டி அசலில் சேருமா, சேரும் என்றால் மாதாமாதமா, கடைசியில் ஒரே தடவையா. நிறுத்தம் முடிந்ததும் புதிய தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை, கடைசித் தவணை எந்த ஆண்டு எந்த மாதம். இந்தக் கடைசித் தேதியைக் கட்டாயம் எண்ணாக எழுதி வாங்குங்கள். "கொஞ்சம் நீளும்" என்று வாயால் சொல்லப்படுவதுதான் மேலே கண்ட 41 மாதம்.

கிரெடிட் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் காலத்தை எப்படித் தெரிவிப்பார்கள், இதற்கென்று கட்டணம் உண்டா, நடுவில் பணம் கட்டினால் ஏற்பார்களா, இப்போது இருக்கும் வட்டிச் சலுகை ஏதும் பறிபோகுமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கடன் காலம் நீண்டு உங்கள் ஓய்வு வயதைத் தாண்டிவிடும் என்றால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அப்போது தவணை உயரும் வழி ஒன்றுதான் மிஞ்சும்.

கடிதம் கையில் வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். விண்ணப்பித்ததே அனுமதி என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

ஆட்டோ டெபிட் தானாக நின்றுவிடுமா?

நம்ப வேண்டாம். ஒப்புதல் ஒரு பிரிவில், ஆட்டோ டெபிட் இன்னொரு பிரிவில். வரும் தேதிக்குள் நிறுத்தப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே போய் ரத்து செய்யவும் வேண்டாம், பிறகு அதைத் தொடங்க மறந்தால் நிறுத்தம் முடிந்த முதல் மாதமே தவணை தவறும்.

கிரெடிட் ஸ்கோர் பாதிக்குமா?

வங்கி ஒப்புக்கொண்ட நிறுத்தமும் நீங்களாக நிறுத்தியதும் ஒன்றல்ல. ஒப்புக்கொண்ட காலத்தில் தவணை 'கட்ட வேண்டியது' என்ற நிலையிலேயே இருக்காது என்றால், அதைத் தவறியதாகக் காட்ட முடியாது. ஆனால் சில ஏற்பாடுகளைக் கடன் மறுசீரமைப்பு என்று பதிவு செய்வார்கள். அந்தச் சொல் அறிக்கையில் இருந்தால் அடுத்த கடன் கேட்கும்போது கேள்விகள் வரும். ஸ்கோர் குறையாமல் இருந்தாலும், வங்கிக் கணக்கின் வரவு செலவைப் பார்க்கும் புதிய வங்கிக்கு அந்த இடைவெளி தெரியத்தான் செய்யும். அடுத்த ஓராண்டுக்குள் வேறு பெரிய கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

2020-இல் எல்லோருக்கும் கொடுத்தார்களே, இப்போது ஏன் இத்தனை கேள்வி?

அது நோய்த்தொற்றுக் காலத்து ஏற்பாடு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அதே மார்ச் 27-இல் அமெரிக்காவில் கையெழுத்தான கேர்ஸ் சட்டம், மத்திய அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக் கடன்களுக்கு 180 நாளும், கேட்டால் மேலும் 180 நாளும் நிறுத்திவைக்க வழி செய்தது. பிரிட்டனில் முதலில் மூன்று மாதம், பிறகு ஆறு மாதம் வரை. காரணத்தைத் துருவாமல் கொடுத்ததும், கிரெடிட் அறிக்கையில் தவறியதாகக் காட்டாததும் அந்தக் காலத்துச் சலுகைகள். இப்போது வங்கி ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கும்.

அந்தக் காலம் ஒரு நல்ல பாடத்தையும் விட்டுச் சென்றது. இந்தியாவில் ஒத்திவைத்த மாதங்களில் வட்டிக்கு வட்டி போடலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியால் வந்த கூடுதலை அரசே தருவதாக 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, எந்தத் தொகைக் கடனானாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்றது. ஆனால் வட்டியையே முழுதாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுக் கடன்களின் பின்னால் நிற்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்கள் வேறொரு வழியைக் கொண்டுவந்தன. விட்டுப்போன தவணைகளை வட்டியில்லாத தனித் தொகையாகக் கடனின் கடைசியில் வைத்தார்கள். கடன் முடியும்போதோ, வீட்டை விற்கும்போதோ கொடுத்தால் போதும். ஒரே மாதிரி நிறுத்தம், ஆனால் திரும்பும் வழி வேறு என்பதால் செலவும் அடியோடு வேறு.

முன்பே தவணைக்கு மேல் கட்டியிருக்கிறேன். அதை இப்போது கழித்துக்கொள்ளலாமா?

சில கடன்களில் முடியும். ஓவர்டிராஃப்ட் கணக்கோடு இணைந்த வீட்டுக் கடன் என்றால், அதிகமாகப் போட்ட பணத்தை எடுத்து அதிலிருந்தே தவணை கட்டலாம், யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம். சில வங்கிகள், ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்களுக்கு மட்டுமே தவணை விடுப்பு தருகின்றன. சாதாரணக் கடனில் அசலுக்கு முன்கூட்டிக் கட்டிய பணம் போனது போனதுதான், கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கடன் இருவர் பெயரில் இருக்கிறது. ஒருவர் மட்டும் கேட்டால் போதுமா?

போதாது. கூட்டுக் கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, பாதிப் பாதி என்பது வீட்டுக்குள் பேசிக்கொள்வது. இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஜாமீன் போட்டவர் இருந்தால் அவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வங்கி வழியாகத் தெரியவந்தால் மனத்தாங்கல் மிஞ்சும்.

தவணை நின்றால் காப்பீட்டுப் பிரீமியமும் நிற்குமா?

நிற்காது. தவணையோடு சேர்த்துக் காப்பீடோ, வீட்டு வரியோ போய்க்கொண்டிருந்தால் அவை எப்படிக் கட்டப்படும் என்று தனியாகக் கேளுங்கள். உடல்நலக் குறைவால் கேட்கிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. தேவைப்படும் நேரத்தில் பாலிசி காலாவதியாகி இருக்கும். இன்னொன்று, கடன் எடுக்கும்போது வேலை இழப்புக்கோ நோய்க்கோ தவணைக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருப்பார்கள், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. பழைய கோப்பைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் நிறுத்திவைப்பே தேவைப்படாமல் போகலாம்.

வங்கி மறுத்துவிட்டது. அல்லது என் வருமானம் பழைய நிலைக்குத் திரும்பாது என்று தெரிகிறது. வேறு என்ன வழி?

முதலில் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். இதுவும் கடனின் வயதைப் பொறுத்தது. புதிய கடனில் 20 ஆண்டை 25 ஆக்கினால் 26,992 என்பது 25,176 ஆகும், மாதம் 1,816 குறையும், அவ்வளவுதான். பத்தாண்டு கட்டி முடித்து, மிச்சமுள்ள பத்தாண்டைப் பதினைந்தாக்கினால் தவணை 21,612-க்கு இறங்கும், மாதம் 5,380 மிச்சம்.

அடுத்தது வட்டி விகிதம். புதிய வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி, பழையவருக்குப் பழைய வட்டி என்பது பல வங்கிகளில் நடக்கிறது. கேட்டால் குறைப்பார்கள். வேறு வங்கிக்கு மாற்றவும் முடியும், ஆனால் வருமானம் நின்ற பிறகு புதிய வங்கி உங்களை ஏற்பது கடினம். மாற்றும் எண்ணம் இருந்தால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், அங்கும் சரிவராவிட்டால் உங்கள் நாட்டில் வங்கிக் குறைதீர்ப்பாளர் அமைப்பு இருந்தால் அங்கே. கட்டணமில்லாமல் கடன் ஆலோசனை தரும் அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன.

எதுவும் நடக்காது என்றால் வீட்டை நீங்களே விற்பது. சொல்வதற்கே வருத்தமான பதில். ஆனால் நீங்கள் அவகாசம் எடுத்து, பேரம் பேசி விற்பதற்கும் வங்கி ஏலத்தில் விற்பதற்கும் கிடைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஏலச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

"முன்பணம் கட்டினால் தவணையை நிறுத்தித் தருகிறோம்" என்று ஓர் அழைப்பு வந்தது. நம்பலாமா?

வேண்டாம். உங்கள் கடனை நிறுத்திவைக்கும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கு மட்டுமே. ஓடிபி கேட்டாலும், வீட்டுப் பத்திரத்தை அனுப்பச் சொன்னாலும், "இனி வங்கிக்குக் கட்டாதீங்க, எங்களுக்குக் கட்டுங்க" என்றாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கியின் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

ஆறு மாதம் கேட்டேன், மூன்றாவது மாதமே வேலை கிடைத்துவிட்டது. மிச்சத்தையும் அனுபவிக்கலாமா?

உடனே கட்டத் தொடங்குங்கள். அனுமதி இருக்கிறதே என்பதற்காக நிறுத்தி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. முதல் சம்பளத்தில் முழுத் தவணை முடியாவிட்டாலும் இயன்றதைக் கட்டி, அது வட்டியில் கழிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்தம் முடிந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் மாதக் கணக்கறிக்கையை வாங்கி, பாக்கி அசல், வட்டி விகிதம், மிச்சத் தவணை எண்ணிக்கை மூன்றையும் ஒப்புதல் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். நம் கடனில் ஆறு மாதம் கழித்து 31,37,557 என்று இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தாமதக் கட்டணமோ அபராதமோ தவறாக ஏறியிருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

பிறகு, விட்டுப்போனதை மீட்கும் வேலை. பழைய தவணையோடு மாதம் 5,000 கூடுதலாகக் கட்டி வந்தால் 38 மாதத்தில் கடன் பழைய பாதைக்கு வந்துவிடும், அதற்கான கூடுதல் செலவு 28,000-ஐ ஒட்டித்தான். 9.4 லட்சம் எங்கே, இது எங்கே. 5,000 முடியாது, தவணையில் பத்திலொரு பங்கு, அதாவது 2,699 தான் முடியும் என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்று உள்ளாக அதே இடத்துக்கு வரலாம். கூடுதலாகக் கட்டும் பணத்தை அடுத்த தவணைக்கான முன்பணமாக வரவு வைக்காமல் அசலில் கழிக்கச் சொல்லி ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில வங்கிகளின் செயலியில் இதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கும், அதை விட்டுச் சாதாரணமாகப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினால் அது முன்பணமாகவே போய்விடக்கூடும்.